மோட்டார் வைத்த மூன்று சக்கர சைக்கிள்: எந்தக் கிளட்ச், எத்தனை பல்?

இரு சக்கர சைக்கிளில் மோட்டார் வைத்தவர்கள் சொல்லும் கிளட்ச்சும் பல் கணக்கும் மூன்று சக்கரத்துக்கு அப்படியே ஒத்துவராது. எடை கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. இரு சக்கர வண்டி விழாமலிருக்க வேகம் வேண்டும். ஓட்டுபவர் பெடலை மிதித்து 8, 10 கிமீ வேகம் வந்த பிறகே இன்ஜினைச் சேர்ப்பார். மூன்று சக்கரம் நடைவேகத்திலும் நிமிர்ந்தே போகும். அதனால் நடைவேகத்திலேயே ஓட்டப்படும்: சந்தில், கூட்டத்தில், பாரத்தோடு மேட்டில். அந்த வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கிறதா, நழுவிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும். ஆகவே கிளட்ச்சைப் பிறகு பார்க்கலாம். பல் விகிதத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மேல் வேகம் எவ்வளவு தேவை?

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். பின் சக்கரங்களுக்கு இடையே 70 செமீ. ஓட்டுபவரையும் சேர்த்து எடையின் மையம் தரையிலிருந்து 90 செமீ உயரத்தில், முன் சக்கரத்திலிருந்து சக்கரத்தளத்தின் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான நீளத்தின்) 60 விழுக்காடு தூரத்தில் இருக்கிறது. வண்டி கவிழும் கோடு முன் சக்கரத்தையும் ஒரு பின் சக்கரத்தையும் இணைத்துப் போகிறது. எடை மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குப் பக்கவாட்டில் 21 செமீதான். 6 மீட்டர் ஆரத் திருப்பத்தில் ஏறக்குறைய 13 கிமீ வேகத்திலும், 15 மீட்டர் ஆரத்தில் 21 கிமீ வேகத்திலும் உள்பக்கச் சக்கரம் தூக்கிவிடும். இருக்கை உயரமானால் இன்னும் முன்பே.

எனவே நேர்ச்சாலையில் 28 முதல் 30 கிமீ போதும். 45 கிமீ போகிற பல் விகிதத்தைக் கேட்பவர் பயன்படுத்த முடியாத ஒன்றுக்காக மேடேறும் திறனை விட்டுக்கொடுக்கிறார்.

கணக்கு

வேகம் (மணிக்கு கிமீ) = ஆர்பிஎம் × சக்கர எண் ÷ மொத்த விகிதம். ஆர்பிஎம் என்பது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை; மொத்த விகிதம் என்பது சக்கரம் ஒரு முறை சுற்ற இன்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது. சக்கர எண் 20 அங்குலத்துக்கு 0.096, 24 அங்குலத்துக்கு 0.115, 26 அங்குலத்துக்கு 0.124. டயரின் தடிமனைப் பொறுத்து இது மாறும். துல்லியம் வேண்டுமானால் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, பாரம் ஏற்றி, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் நீளத்தை மீட்டரில் அளந்து 0.06-ஆல் பெருக்குங்கள்.

இனி மேடு. வண்டியும் இன்ஜினும் 50 கிலோ, ஓட்டுபவர் 75, பாரம் 35. மொத்தம் 160 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் இதை மேலே தள்ள, உருளல் தடையையும் சேர்த்துச் சுமார் 170 நியூட்டன் விசை வேண்டும். 24 அங்குலச் சக்கரத்தில் அது 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 50 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 4500 ஆர்பிஎம் அருகே தரும் உச்சம் 2.7 நியூட்டன் மீட்டர் என்றும், செயின்களில் 15 விழுக்காடு போகிறது என்றும் வைத்தால், 23:1 விகிதம் இருந்தால்தான் வண்டி ஏறும்.

சரியாக 23 வைத்தால் என்ன நடக்கும்? மேட்டில் ஒரு சிறு குழி வந்து ஆர்பிஎம் 4500-க்குக் கீழே சரிந்தால் இழுவையும் சரியும். அதனால் ஆர்பிஎம் இன்னும் சரியும். கடைசியில் கிளட்ச் நழுவத் தொடங்கும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 28:1 என்று வையுங்கள். 7000 ஆர்பிஎம்-இல் 28.7 கிமீ, 4500-இல் 18.5 கிமீ. மேல் வேகத்துக்கு நாம் போட்ட எல்லையும் மேடேறத் தேவையான விகிதமும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. 50 சிசி வகைக்கு இது நல்ல பொருத்தம்.

சுழல் வேகத்தில் தானாகப் பிடிக்கும் ஒரு கிளட்ச் 2600 ஆர்பிஎம்-இல் முழுப்பிடிக்கு வருகிறது என்றால், 18:1-இல் 16.6 கிமீ வரை அது நழுவும், 24:1-இல் 12.5 வரை, 28:1-இல் 10.7 வரை. கிளட்ச் எரிந்துவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு விடை இந்த மூன்று எண்களில் இருக்கிறது. பல்லை மாற்றாமல் கிளட்ச்சை மட்டும் புதிதாக மாட்டினால் அதுவும் எரியும்.

பெரிய இன்ஜின் வைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. 200 சிசி தொழில்முறை இன்ஜின் 2500 ஆர்பிஎம்-இலேயே 12 நியூட்டன் மீட்டர் தரும். மேட்டுக்கு 5:1 கூடப் போதும். ஆனால் 5:1-இல் 2200 ஆர்பிஎம் என்பது 50 கிமீ! அந்த வேகம் வரும்வரை கிளட்ச் நழுவிக்கொண்டே இருக்கும். மறுபக்கம், இன்ஜின் வேகத்துக்கு எல்லை போடும் கவர்னர் அதை 3600-இல் நிறுத்திவிடும். 2200-இல் பிடித்து 3600-இல் முடியும் இன்ஜினின் ஓடும் வரம்பு 1.6 மடங்கு மட்டுமே. 2600 முதல் 7000 வரை ஓடும் சின்ன இன்ஜினுக்கு 2.7 மடங்கு. 200 சிசி-க்கு 15:1 வைத்தால் மேல் வேகம் 27.6, முழுப்பிடி 17 கிமீ. பாரவண்டிக்கு அது ஆகாது. ஒற்றை விகிதத்தில் சின்ன இன்ஜின் பெரியதைவிட நன்றாக நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான்.

உலர் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்

ஷூக்கள் சுழல் வேகத்தில் விரிந்து டிரம்மைப் பிடிக்கும் வகை. எளிது, மலிவு, கையில் லீவர் கிடையாது. அதன் பிடி ஆர்பிஎம்-இன் இருமடியில் கூடும்: வேகம் பாதியானால் பிடி கால்பங்கு. அதனால் இதைக் கிராங்க் ஷாஃப்ட்டிலேயே மாட்ட வேண்டும். இடவசதிக்காக 2:1 குறைப்புக்குப் பிறகு இடைத்தண்டில் (இன்ஜினுக்கும் ஆக்சிலுக்கும் நடுவிலுள்ள தண்டில்) மாட்டினால், கிளட்ச் பாதி வேகத்தில் சுற்றி இரட்டை முறுக்குவிசையைத் தாங்க வேண்டிவரும். இன்ஜின் அலறும், வண்டி நகராது.

வாங்கும்போது பிடிக்கத் தொடங்கும் ஆர்பிஎம்-ஐயும் உங்கள் இன்ஜினின் ஐடிலையும் (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது ஓடும் ஆர்பிஎம்-ஐயும்) சேர்த்துப் பாருங்கள். 160, 200 சிசி இன்ஜின்களின் ஐடில் 1400 அருகே. அவற்றுக்கு 1800-இல் பிடிக்கும் கிளட்ச் சரி. ஆனால் சில 50 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களின் ஐடில் 2000. அதில் 1800 கிளட்ச் மாட்டினால் பிரேக்கை விட்டதும் வண்டி தானாக ஊரும்; நிற்கும் நேரமெல்லாம் ஷூ தேயும். கெட்டியான ஸ்பிரிங் மாற்றி 2300, 2400-க்குக் கொண்டுபோங்கள். அதற்கு மேல் கெட்டியாக்கினால் முழுப்பிடி வேகமும் கூடிவிடும், மேலே பார்த்த கணக்கு கெட்டுப்போகும். 3000-க்கு மேல் பிடிக்கும் சிறு இரண்டு ஸ்ட்ரோக் கிளட்ச்களை, 76, 78 மிமீ டிரம் உள்ளவற்றை, பாரம் ஏற்றும் வண்டிக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

சூடுதான் இதன் எதிரி. மேட்டில் வண்டி நகராமல் ஆக்சிலரேட்டரைத் திருகிப் பிடித்தால் 50 சிசி இன்ஜின்கூட 600 வாட்டுக்கு மேல் அந்த உள்ளங்கையளவு டிரம்முக்குள் கொட்டுகிறது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கு ஏறக்குறைய ஈடு. சில நொடி பரவாயில்லை. அரை நிமிடம் போனால் டிரம் நீலம் பாரிக்கும், ஸ்பிரிங் தளரும். தளர்ந்த ஸ்பிரிங் ஐடிலிலேயே பிடிக்கத் தொடங்கும். வண்டி ஊர்கிறது என்று ஐடிலைக் குறைப்பார்கள்; இன்ஜின் நிற்கும்; கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். கோளாறு அங்கே இல்லை.

டிரம் சுற்றும் வெண்கலப் புஷ்ஷுக்கு ஒரு நாள் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் போதும். கூடினால் சிதறி ஷூவில் ஏறும்; விட்டுவிட்டால் புஷ் இறுகி டிரம்மும் தண்டும் ஒன்றாகச் சுற்றும். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) இன்ஜின் பக்கம் இருக்கும்படி மாட்டினால் கிராங்க் பேரிங்கில் வளைவுச் சுமை குறையும். பல் எண்ணிக்கையில் அதிகம் தேர்வு கிடையாது: 3/4 அங்குலத் துளை கிளட்ச்சில் 41 என்ற அளவு எண் கொண்ட செயினுக்கு 10 பல், 35 செயினுக்கு 12 பல் என்ற அளவுக்குக் கீழே பெரும்பாலும் கிடைக்காது.

இதிலேயே உயர்ந்த வகை ஒன்று உண்டு: 160, 200 சிசி இன்ஜின்களில் 2:1 குறைப்புப் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கி ஓடும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். நழுவும் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும் என்பதால் உலர் வகை பொறுக்காத வேலையை இது பொறுக்கும். பெட்டியின் எண்ணெய் தனி; இன்ஜின் எண்ணெய் மாற்றும்போது இதை மறந்துவிடுவது வழக்கம்.

கைலீவர் கிளட்ச்

சைக்கிளுக்கான 66, 80 சிசி இரண்டு ஸ்ட்ரோக் கிட்களில் வருவது. உள்ளே 20 பல்லும் 82 பல்லும் சேர்ந்து 4.1 குறைப்பு, வெளியே 10 பல்லிலிருந்து 44 பல். மொத்தம் 18:1. கிட்டோடு வரும் இந்த 44 பல் மூன்று சக்கரத்துக்குப் பொருந்தாது. 56 பல் போட்டால் 23:1. 24 அங்குலச் சக்கரத்தில் 5500 ஆர்பிஎம்-இல் 27.5 கிமீ.

பிடித்துவிட்டால் இது நழுவாது. மெதுவான வேகத்திலும் முழுப்பிடியில் இழுக்கும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கும் கிடைக்கும். குறை தொடக்கத்தில்தான். பெடல் மிதித்துக் கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் செய்யும் இன்ஜின் இது. 160 கிலோ வண்டியைச் சமதளத்தில் 8 கிமீ-க்கு மிதிப்பதே பெரும்பாடு, மேட்டில் நடக்காது. ஒவ்வொரு முறையும் உலர் பட்டைகளை நழுவவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பட்டைகள் தேயத் தேயப் பூ வடிவ நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, கேபிளில் 2, 3 மிமீ தளர்வு வைத்துக்கொண்டே வர வேண்டும். தளர்வில்லாத கேபிள் பட்டையை எப்போதும் அரைகுறையாகத் திறந்து வைத்திருக்கும். இழு ஸ்டார்ட்டர் உள்ள மாதிரி கிடைத்தால் பாதிக் கவலை தீரும். தனியாளாக, பாரமில்லாமல், சமவெளியில் ஓட்டுபவருக்கு இது போதும். மற்றவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

பெல்ட் கன்வெர்ட்டர்

கோ-கார்ட் பந்தய வண்டிகளில் 30 வரிசை என்று பெயர்பெற்ற அமைப்பு. கிராங்கில் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவே பெல்ட். கிளம்பும்போது 2.7:1, வேகமெடுத்த பின் 0.9:1. அதாவது விகிதம் மூன்று மடங்கு தானாக மாறுகிறது. முன்னே பார்த்த 200 சிசி-யின் குறுகிய ஓடும் வரம்புக்கு மருந்து இதுதான். கன்வெர்ட்டருக்குப் பின் 16:1 குறைப்பு வைத்தால், கிளம்பும்போது மொத்தம் 43:1, மேலே 14.4:1. 2200 ஆர்பிஎம்-இல் 6 கிமீ-க்கும் கீழே, 3600-இல் 28.7.

இந்த 16-ஐ ஒரே செயினில் எடுக்க முடியாது. 15 பல்லிலிருந்து 60 பல் என்று இரண்டு முறை போட்டால் 4 × 4 கிடைக்கும். இந்த இடத்தில் பலரும் சோம்பல்பட்டு ஒரே கட்டமாக 10-லிருந்து 60 என 6:1 வைத்துவிடுகிறார்கள். அப்போது மேல் வேகக் கணக்கு 77 கிமீ காட்டும். கன்வெர்ட்டர் கிளம்பும் 2.7:1-ஐ விட்டு வெளியே வரவே வராது. பெல்ட் சூடேறிப் பொடியாகும். பெல்ட் தரமில்லை என்று வேறு பெல்ட் வாங்குவதில் பயனில்லை.

சமச்சீரில்லாத பெல்ட்டின் தட்டைப் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். புல்லி முகங்களில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளி படக்கூடாது. பெல்ட்டில் வீணாகும் சக்தி செயினில் வீணாவதைவிட அதிகம் என்பதால் 50 சிசி-க்கு இது வீண்.

ஸ்கூட்டரின் 50 சிசி இன்ஜினை முழுதாக எடுத்து வைப்பது இதற்கு நெருங்கிய வழி. அதில் கிளட்ச் பின் புல்லியில் இருப்பதால் பெல்ட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். கனம் குறைந்த ரோலர் போட்டால் இன்ஜின் அதிக ஆர்பிஎம்-இலேயே நின்று இழுக்கும். பாரவண்டிக்கு அதுதான் வேண்டும்.

கியர்பெட்டியோடு வரும் இன்ஜின்

பாரம் 100 கிலோவைத் தாண்டினால், மேடு அன்றாடம் என்றால், பேச்சே வேண்டாம்: ஸ்டெப்த்ரூ பைக்குகளில் (கால் நுழைக்க நடுவே தாழ்ந்த சட்டமுள்ளவை) வரும், சிலிண்டர் படுக்கையாக உள்ள 110 சிசி இன்ஜின், எண்ணெயில் ஓடும் தானியங்கிக் கிளட்ச், நான்கு கியர். நான்கு சக்கர விளையாட்டு வண்டிகளுக்கான அதன் உறவினத்தில் மூன்று முன் கியரும் ஒரு ரிவர்ஸும் உண்டு. மூன்று சக்கரத்தைச் சந்தில் திருப்பியவருக்கு ரிவர்ஸின் அருமை தெரியும்.

உள் விகிதங்கள் மாதிரிக்கு மாதிரி மாறும். விற்பவர் சொல்வதை நம்பாமல் எண்ணிப் பாருங்கள்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, முதல் கியரில் போட்டு, வெளி ஸ்ப்ராக்கெட்டில் ஒரு புள்ளி வையுங்கள். வெளி ஸ்ப்ராக்கெட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, ஃப்ளைவீல் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். கிளட்ச் பிடிக்காமல் ஃப்ளைவீல் கூடவே சுற்றாவிட்டால் கிக்கரை வைத்து அதை மட்டும் திருப்பப் பார்க்காதீர்கள். தானியங்கிக் கிளட்ச் பிடிக்காதபோது எண் தவறும், பக்க மூடியைத் திறந்து பல்லையே எண்ண வேண்டியதுதான். முதல் கியர் 10, நான்காம் கியர் 3.5 என்று வந்தால், வெளியே 14-லிருந்து 56 பல் வையுங்கள். முதல் கியர் 40:1, நான்காவது 14:1. நான்காம் கியரில் 3500 ஆர்பிஎம்-இலேயே 28.7 கிமீ வந்துவிடும்; இன்ஜின் அலட்டிக்கொள்ளாது.

இதன் விலை எடைதான். இருபது கிலோவுக்கு மேல் வரும் இந்த இன்ஜினைச் சைக்கிள் குழாயில் கிளாம்ப் போட்டு நிறுத்த முடியாது. தனிச் சட்டம், டிஸ்க் பிரேக், தடித்த ஆக்சில் எல்லாம் சேர்ந்தால்தான் இந்தத் தேர்வு.

நடுவழி ஒன்று: 50 சிசி, உலர் கிளட்ச், இடைத்தண்டில் சைக்கிளின் மூன்று வேக ஹப் (உள்ளேயே கியர் உள்ள சக்கர நடுப்பகுதி). அதன் விகிதங்கள் 0.75, 1, 1.33. நடு கியரில் 28:1 வைத்தால் கீழே 37, மேலே 21. முழுப்பிடி 8 கிமீ-க்கு இறங்கும். மேல் கியரில் 5000 ஆர்பிஎம்-இல் 27 கிமீ அமைதியாகப் போகலாம். 5:1 முதல் குறைப்புக்குப் பிறகு ஹப்புக்கு வரும் முறுக்குவிசை 13, 14 நியூட்டன் மீட்டர்தான். நின்றுகொண்டு பெடல் மிதிப்பவர் கொடுப்பது அதைவிடப் பல மடங்கு. ஆனால் 900 முதல் 1400 ஆர்பிஎம்-இல் சுற்றுவது அது பழகியதல்ல, எண்ணெய் வற்றவிடக் கூடாது. கியர் மாற்றும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக விடுங்கள். பழைய வகை ஹப்பில் 2-க்கும் 3-க்கும் நடுவே நியூட்ரல் இருக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் அங்கே விழுந்து இன்ஜின் தறிகெட்டு ஓடும்.

செயினும் ஆக்சிலும்

28:1-ஐ 12-லிருந்து 60, பிறகு 10-லிருந்து 56 என்று பிரிக்கலாம். முதல் கட்டத்தில் வேகம் அதிகம், விசை குறைவு, அங்கே 9.5 மிமீ பிட்ச் கொண்ட 35 செயின். இரண்டாம் கட்டம் அதற்கு நேரெதிர், 12.7 மிமீ பிட்ச் கொண்ட 420. சைக்கிள் செயினுக்கும் 415, 420, 428 எல்லாவற்றுக்கும் பிட்ச் ஒன்றே. மாறுவது உள் அகலம். அதனால் பல் ஏறுகிறதே என்று மாற்றி மாட்டாதீர்கள், அகலமான செயின் மெல்லிய பல்லில் பக்கவாட்டில் ஆடிப் பல்லைத் தின்றுவிடும். சிறு ஸ்ப்ராக்கெட்டில் செயின் குறைந்தது 120 பாகை சுற்றியிருக்க வேண்டும். நடுவில் 10 மிமீ தளர்வு. செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனர், விசை இழுக்காத பக்கத்தில்.

விற்பனைக்கு வரும் பல மூன்று சக்கர சைக்கிள்களில் ஒரு பின் சக்கரம்தான் ஆக்சிலோடு பூட்டப்பட்டிருக்கும். பெடலுக்கு அது போதும். இன்ஜின் சேர்ந்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மணலில் அந்தச் சக்கரம் மட்டும் சுழலும், ஆக்சிலின் தட்டை முனை உருண்டுபோகும். கைலீவர் கிளட்ச்சின் இன்ஜின் பிரேக்கும் அந்த ஒற்றைச் சக்கரத்தில்தான் விழும் என்பதை இறக்கத்தில் நினைவில் வையுங்கள். இரண்டையும் பூட்டினால் திருப்பத்தில் டயர் உரசி வண்டி நேராகவே போகப் பார்க்கும். இரு சக்கரத்துக்கும் தனித்தனி ஃப்ரீவீல் வைப்பது சிறு வண்டிக்கு நல்ல சமரசம். நேரில் இரண்டும் இழுக்கும், திருப்பத்தில் வெளிச் சக்கரம் முந்திப் போகும். அதில் ரிவர்ஸ் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை. 110 சிசி வைப்பவருக்கு டிஃபரென்ஷியல் ஆக்சில்தான் (இரு சக்கரத்தையும் இழுத்தபடியே திருப்பத்தில் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவது) வழி.

முதல் ஓட்டம்

பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி ஐடிலில் விடுங்கள். சக்கரம் லேசாகச் சுற்றுவது சரி. பிரேக்கைத் தொட்டதும் நின்று, இன்ஜின் சத்தம் மாறாமல் இருக்க வேண்டும். சத்தம் தாழ்ந்தால் கிளட்ச் ஐடிலிலேயே பிடிக்கிறது. பிறகு முழுப் பாரத்தோடு உங்கள் வழியிலுள்ள மிகக் கடினமான மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்பிப் பாருங்கள். ஐந்தாறு நொடிக்குள் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறத் தொடங்க வேண்டும். சத்தம் ஒரே இடத்தில் நின்று வேகம் மட்டும் மெல்ல ஏறினால் இன்னும் நழுவுகிறது என்று பொருள். ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். இடைத்தண்டின் இரண்டாம் கட்டச் சிறு ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறையுங்கள். 10-லிருந்து 9-க்கு வந்தால் 28:1 என்பது 31:1 ஆகும். அதற்கும் அடங்காவிட்டால் ஆக்சில் ஸ்ப்ராக்கெட்டில் 4, 6 பல் கூட்டி, செயினில் அதற்கேற்ற கண்ணிகளைச் சேர்த்து, அதே மேட்டில் மீண்டும் பாருங்கள்.